கொடுவா மீனைத் தாக்கும் மூளை வைரஸ்: யார் பயப்படணும், யார் பயப்பட வேண்டாம்? (நீண்ட இழை)

1.
மீனுக்கு மூளையில நோய் வருமா? வரும்.
அந்த நோயைத் தர்ற வைரஸ், மீன் சாப்பிடுற நமக்கு வருமா? வராது.

இந்த இழையோட சாரம் இவ்வளவுதான். அவசரமா இருக்கறவங்க இதோட கிளம்பலாம். ஏன் அங்க வருது, ஏன் இங்க வராது, அப்போ நிஜமாவே கவலைப்பட வேண்டியவர் யார்னு தெரிஞ்சுக்க விரும்பறவங்க கூட வாங்க.

2.
மீஞ்சூர் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில வேலை பாக்கறேன். போன வாரம் ஓபியில ஏழு மாசக் கர்ப்பிணி ஒருத்தங்க. ஹீமோகுளோபின் 8.6. வீட்டுக்காரர் கழிமுகத்துல வலை போடறவர்.

"மீன் சாப்பிடறீங்களாம்மா?"
"இல்ல சார். கொடுவாவுல மூளை வைரஸ் இருக்குன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. கொழந்தைக்கு ஆகாதுன்னு மாமியார் மீனே வாணாம்னுட்டாங்க."

வலையில மீன் வர்ற வீட்டுல, ரத்தச்சோகையோட ஒரு கர்ப்பிணி மீன் சாப்பிடாம இருக்காங்க.

3.
அதே வாரம் இன்னொருத்தர். நாற்பது வயசு இருக்கும். குட்டையில கொடுவா வளர்க்கிறார். தனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு முதல்லயே சொல்லிட்டார்.

"சார், பத்தாயிரம் குஞ்சு விட்டேன். சுத்திச் சுத்தி நீஞ்சுது, அப்படியே மல்லாந்துடுது. தீனியே எடுக்கல. டாக்ஸிசைக்ளின் தீனியில கலந்து போடச் சொன்னாங்க. மெடிக்கல்ல சீட்டு கேக்கறான். ஒரு முன்னூறு எழுதிக் குடுங்க சார்."

எழுதித் தரல. ஏன்னு அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதறேன்.

4.
இந்த ரெண்டு பேருக்குமான பதில் ஒரே இடத்துல இருக்கு. அந்த வைரஸோட முகவரியில.

"வைரஸ்"ங்கறது "வண்டி"ங்கற மாதிரி ஒரு பொதுச் சொல். சைக்கிளும் வண்டிதான். நம்ம எண்ணூர் ரோட்டுல வர்ற கன்டெய்னர் டிரெய்லரும் வண்டிதான். "வண்டி வருது"ன்னு மட்டும் சொன்னா எவ்வளவு தூரம் ஒதுங்கணும்னு தெரியாது இல்லையா?

அதனாலதான் வைரஸ்களையும் குடும்பம், பேரினம், சிற்றினம்னு பிரிச்சு வைக்கறாங்க. பத்தாம் வகுப்பு மனப்பாடம்னு நினைச்சு விட்டுடாதீங்க. யாரைத் தாக்கும், எப்படிப் பரவும், எந்த மருந்து வேலை செய்யும், எது செய்யாதுங்கற பாதி பதில் அந்த முகவரியிலேயே கிடைச்சுடும்.

5.
நம்ம ஆளோட முகவரி:
குடும்பம்: நோடாவிரிடே.
பேரினம்: பீட்டாநோடாவைரஸ்.
தர்ற நோய்: வைரல் நெர்வஸ் நெக்ரோசிஸ், சுருக்கமா விஎன்என். நெக்ரோசிஸ்னா திசு செத்துப்போறது. மீனோட மூளையும் விழித்திரையும்தான் இதோட இலக்கு.

"பீட்டா"ன்னதும் கொரோனாவோட பீட்டா வேரியன்ட் ஞாபகம் வரும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆல்ஃபா, பீட்டாங்கறது கிரேக்க எழுத்து வரிசை. நாம அ, ஆ போட்டுப் பிரிக்கற மாதிரி, அவ்வளவுதான்.

6.
"நோடா" எங்கேருந்து வந்தது? ஜப்பான்ல டோக்கியோ பக்கத்துல நோடாமுரான்னு ஒரு ஊர். 1956-ல அங்க பிடிச்ச கொசுக்கள்ல இந்தக் குடும்பத்தோட முதல் வைரஸ் கிடைச்சது. ஊர் பேரையே வைரஸுக்கு வச்சாங்க, அப்புறம் குடும்பத்துக்கும் அதுவே பேராச்சு.

எந்தக் கொசு தெரியுமா? கியூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புற அதே கொசு. அந்தக் காய்ச்சல் இந்தியாவுல முதன்முதலா 1955-ல நம்ம வேலூர்ல தான் கண்டறியப்பட்டது.

கொசு ஒண்ணுதான். ஆனா வைரஸ்கள் வேற வேற குடும்பம். மூளைக்காய்ச்சல் வைரஸ் டெங்குவோட சொந்தக்காரன். நோடாவுக்கு அதுகூட உறவு கிடையாது.

7.
நோடா குடும்பத்துல ரெண்டு பேரினம்.
ஆல்ஃபாநோடாவைரஸ்: பூச்சிகளோட வைரஸ்.
பீட்டாநோடாவைரஸ்: மீன்களோட வைரஸ்.

நன்னீர் இறாலுக்கு வெள்ளை வால் நோய் தர்ற ஒரு நோடாவைரஸும் இருக்கு. அந்த நோய்க்கு உலக விலங்கு நல அமைப்பு அங்கீகரிச்ச மேற்கோள் ஆய்வகம் எங்க அமைஞ்சது தெரியுமா? மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில. கொஞ்சம் பெருமைப்பட்டுக்கலாம்.

8.
இந்த வைரஸுக்கு ஆரம்பத்துல முகவரி தப்பாத்தான் எழுதினாங்க.

1990 வாக்குல ஜப்பான்லயும் ஆஸ்திரேலியாவுலயும் மீன் குஞ்சுகள் கூட்டம் கூட்டமா சாகறதைப் பதிவு பண்ணாங்க. ஆஸ்திரேலியாவுல செத்தது பாராமுண்டி. நம்ம கொடுவாவேதான், அங்க அதுக்கு அந்தப் பேர். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்தா சின்னதா, உருண்டையா, மேலுறை இல்லாம ஒரு வைரஸ். போலியோ வைரஸோட குடும்பமான பிக்கோர்னா மாதிரி இருக்குன்னு எழுதினாங்க.

1992-ல ஜப்பான் விஞ்ஞானிகள் உள்ள இருக்கற மரபுப்பொருளைப் பிரிச்சுப் பாத்தாங்க. போலியோ குடும்பத்துக்கு ஒரே ஒரு ஆர்என்ஏ இழைதான். இதுல ரெண்டு துண்டு இருந்தது. அப்பதான் இது நோடா குடும்பம்னு தெரிஞ்சது. வெளித்தோற்றத்தை வச்சு உறவு சொல்லக் கூடாதுங்கறது வைரஸுக்கும் பொருந்தும்.

9.
உள்ள என்ன இருக்கு?

அளவு 25 முதல் 30 நானோமீட்டர். கொரோனா வைரஸ் சுமார் 100. ஒரே புரதத்தோட 180 பிரதிகளைக் கோத்து ஒரு கூடு. கூட்டுக்குள்ள ரெண்டு ஆர்என்ஏ துண்டு.

பெரிய துண்டு, சுமார் 3,100 எழுத்து: நகலெடுக்கற இயந்திரத்துக்கான செய்முறை.
சின்ன துண்டு, சுமார் 1,400 எழுத்து: கூடு கட்டறதுக்கான செய்முறை.

மொத்தமே 4,500 எழுத்து. கொரோனாவுக்குச் சுமார் 30,000. மனுஷனுக்கு 300 கோடி. இவ்வளவு சின்ன சீட்டை வச்சுக்கிட்டு ஒரு தொட்டி மீனையும் காலி பண்ணிடுது.

10.
இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. வைரஸ் ஆர்என்ஏ உள்ள வந்தா அதைத் துண்டு துண்டா வெட்டிப்போட உயிரினங்களோட செல்லுக்குள்ள ஒரு ஏற்பாடு இருக்கு. இந்த வைரஸ் பி2-ன்னு ஒரு குட்டிப் புரதத்தைத் தயாரிச்சு அந்தக் கத்தரிக்கோலை முடக்கிடும். அப்புறம் தடையில்லாம நகலெடுக்கும்.

11.
மேலுறை இல்லைன்னு சொன்னேனே, அது முக்கியம்.

கொரோனாவுக்கு வெளியே கொழுப்பு உறை இருக்கு. சோப்பு போட்டா அது கரைஞ்சு வைரஸ் செத்துடும். நோடாவுக்கு அந்த உறையே இல்ல, போலியோ மாதிரி. தண்ணியில ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். வலை, வாளி, குழாய், கால்ல ஒட்டின சேறுன்னு எதுல வேணா பயணம் போகும். ஆனா நல்ல சூடு, குளோரின், ஓசோன் இதுக்கெல்லாம் அடங்கும்.

12.
மீனுக்கு என்ன ஆகுது?

குஞ்சா இருக்கறப்பதான் ஆபத்து அதிகம், முக்கியமா பொரிச்ச முதல் சில வாரங்கள். எதிர்ப்புச் சக்தி இன்னும் உருவாகியிருக்காது. வைரஸ் நரம்பு செல்களுக்குள்ள பெருகும். செத்த குஞ்சோட மூளையை மெல்லிசா சீவி மைக்ரோஸ்கோப்ல பாத்தா சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். விழித்திரையிலும் அதே கதை.

இப்போ அந்தப் பண்ணைக்காரர் சொன்னதைத் திரும்பப் படிங்க. சுத்திச் சுத்தி நீந்துறது, மல்லாந்து மிதக்கறது, தீனி எடுக்காதது. மூளை சொல்றதை உடம்பு கேக்கல. கண்ணும் சரியாத் தெரியல.

13.
பரவறது ரெண்டு வழியில.

ஒண்ணு, தண்ணி வழியா மீன்லேருந்து மீனுக்கு. கொடுவா வேற பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் ஜாதி. நோய் வந்த குஞ்சைத் தின்ன மீனுக்கும் தொத்திக்கும்.

ரெண்டாவது, தாயிடமிருந்து முட்டைக்கு. தாய் மீன் பளபளன்னு ஆரோக்கியமா இருக்கும். ஒரு அறிகுறியும் இருக்காது. ஆனா அது போடற முட்டையோட வைரஸும் சேர்ந்து வரும். ஒரு தாய் மீன் ஒரே தடவையில லட்சக்கணக்குல முட்டை போடும். கணக்கு போட்டுப் பாருங்க.

தாயைப் பரிசோதிச்சா சேயைக் காப்பாத்தலாம். கர்ப்பிணிகளுக்கு நாங்க ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி பரிசோதனை பண்றோம்ல, அதே தத்துவம்தான்.

14.
பீட்டாநோடாவுக்குள்ள நாலு வகை. ஒவ்வொண்ணுக்கும், முதல்ல எந்த மீன்ல பாத்தாங்களோ அந்த மீன் பேர். நம்ம மார்க்கெட் பாஷையில சொன்னா: ஒரு பாரை, ஒரு பேத்தை, நாக்கு மீன் மாதிரி தட்டையான ஒரு குளிர்கடல் மீன், ஒரு களவா. எல்லாம் ஜப்பான் பக்கத்துச் சொந்தங்கள்.

இதுல களவா வகை மட்டும் வெதுவெதுப்பான தண்ணிக்காரன். 25 முதல் 30 டிகிரியில ஜோரா வளரும். பழவேற்காடு, எண்ணூர், கொசஸ்தலை முகத்துவாரம், எல்லாமே அவனுக்குப் பிடிச்ச சூடுதான். இந்தியாவுல கொடுவாகிட்ட கிடைச்ச வைரஸும் இந்தக் களவா வகைதான்.

15.
நம்ம ஊர் வரலாறு கொஞ்சம்.

சென்னையில இருக்கற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், சுருக்கமா சிபா, 1997-ல இந்தியாவுல முதல் தடவையா கொடுவாவை வளர்ப்புத் தொட்டியில முட்டையிட வச்சுது. அதுக்கு முன்னாடி குஞ்சு வேணும்னா இயற்கையில பிடிச்சாத்தான் உண்டு.

2005-ல, பொரிப்பகத்துல பிறந்த கொடுவா குஞ்சுகள் செத்ததுக்குக் காரணம் நோடாவைரஸ்னு இந்தியாவோட முதல் அறிக்கை வந்தது. அதையும் கண்டுபிடிச்சது சிபா விஞ்ஞானிகள்தான். மீனை நெருக்கி வளர்க்க ஆரம்பிச்சா நோயும் நெருங்கி வரும். மனுஷங்க நகரம் கட்டினப்போ காலராவும் அம்மையும் வந்த மாதிரி.

16.
வைரஸை ஆராய்ச்சி பண்ண அதை ஆய்வகத்துல வளர்க்கணும். உயிருள்ள செல் இல்லாம வைரஸ் வளராது. இந்த வைரஸை உலகத்துல முதன்முதலா 1996-ல வளர்க்க உதவினது எந்த மீனோட செல் தெரியுமா? வரி விரால். நம்ம ஊர் ஏரி விரால்தான்.

2006-ல கொடுவாவோட சிறுநீரகத்துலேருந்தே ஒரு செல் வரிசையை உருவாக்கினாங்க. இந்தியாவோட முதல் கடல்மீன் செல் வரிசை அது. உருவாக்கினது, முன்னாடி சொன்ன அதே மேல்விஷாரம் கல்லூரி.

17.
சரி, இப்போ மனுஷனுக்கு ஏன் வராது?

ஒரு வைரஸ் செல்லுக்குள்ள நுழைய சாவியும் பூட்டும் பொருந்தணும். இதோட சாவி மீன் செல்லோட பூட்டுக்கானது.
இதோட நகலெடுக்கற இயந்திரம் தண்ணியோட சூட்டுக்குப் பழகினது. நம்ம உடம்பு 37 டிகிரி.
இதையெல்லாம் விட முக்கியமா, முப்பது வருஷத்துக்கு மேல இந்த வைரஸைத் தெரியும். பல நாட்டுல பண்ணைத் தொழிலாளிங்க தினமும் கையால தொடறாங்க. மனுஷனுக்கு இதனால நோய் வந்ததா ஒரு பதிவும் இல்ல.

இத்தனையும் தாண்டி, நாம அதைக் கொதிக்கற குழம்புல வேற போடறோம்.

18.
"மூளையைத் தாக்குற வைரஸ்னாலே ஆபத்துதானே டாக்டர்?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும்.

ரேபிஸை எடுத்துக்கோங்க. அது ராப்டோ குடும்பம், லிஸ்ஸாவைரஸ் பேரினம். அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட மரணம்தான். அதே ராப்டோ குடும்பத்துல மீனுக்கு நோய் தர்ற பேரினம் இருக்கு. செடிக்கு நோய் தர்ற பேரினமும் இருக்கு. நெல் பயிரைத் தாக்கறதுகூட உண்டு. அதுக்காக நாம சோறு சாப்பிடப் பயப்படறோமா?

குடும்பம் ஒண்ணா இருந்தாலும் பேரினம் மாறினா தாக்கற ஆளே மாறிடும். இங்க பீட்டாநோடா பேரினம் மனுஷ நோய்க் கணக்குல வராது.

19.
அதனால அந்தக் கர்ப்பிணிக்கு நான் சொன்னது: "மீன் சாப்பிடுங்கம்மா. வீட்டுக்காரர் கொண்டு வர்றதுல அன்னிக்குப் பிடிச்ச சின்ன மீனா பாத்து, நல்லா வேக வச்சு சாப்பிடுங்க. புரதம், பி12, உடம்புல நல்லா சேர்ற இரும்பு எல்லாம் கிடைக்கும். இரும்பு மாத்திரையையும் விடாதீங்க." மாமியாரையும் உள்ள கூப்பிட்டு அதையே சொன்னேன். மருமகளோட நன்மைக்குத்தான் அவங்க தடுத்தாங்க. பயம் காட்டினது ஃபார்வர்டு மெசேஜ். அவங்க மேல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல.

20.
இப்போ பண்ணைக்காரர். இங்கதான் நான் நிஜமாவே பயப்படறேன். வைரஸுக்காக இல்ல, அந்த முன்னூறு மாத்திரைக்காக.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். டாக்ஸிசைக்ளின் போய் முடக்கறது பாக்டீரியாவோட புரதத் தொழிற்சாலையை. வைரஸுக்குச் சொந்தமா தொழிற்சாலையே கிடையாது. அது மீனோட தொழிற்சாலையில ஓசியில வேலை வாங்குது. இல்லாத இடத்தைத் தாக்க முடியுமா? முன்னூறு போட்டாலும் மூவாயிரம் போட்டாலும் குஞ்சு சாகறது நிக்காது.

21.
குஞ்சு சாகும், ஆனா மருந்து தண்ணியிலயும் சேத்துலயும் இருக்கும். அங்க இருக்கற கோடிக்கணக்கான பாக்டீரியா அந்த மருந்தைப் பாத்துப் பழகிக்கும். பழகினது, தான் கத்துக்கிட்ட வித்தையைப் பக்கத்துல இருக்கற வேற பாக்டீரியாவுக்கும் கைமாத்திக் கொடுக்கும். மரபணுவாவே கொடுக்கும்.

உவர்நீர்ல இயல்பா வாழற பாக்டீரியா கூட்டத்துல ஒண்ணு விப்ரியோ. காலரா கிருமி அந்த விப்ரியோ பேரினத்தைச் சேர்ந்தது. காலராவுக்கு நாங்க கொடுக்கற முக்கியமான ஆன்டிபயாடிக் எது? அதே டாக்ஸிசைக்ளின்.

குட்டையில வீணாப் போட்ட மருந்து, நாளைக்கு வார்டுல ஒரு பெரியவருக்கு வேலை செய்யாம போகலாம். குளோராம்பெனிகால், நைட்ரோஃப்யூரான் மாதிரி பல ஆன்டிபயாடிக்குகளை நீர்வாழ் உயிரின வளர்ப்புல பயன்படுத்தக் கூடாதுன்னு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் தடை பண்ணி வச்சிருக்கறது சும்மா இல்ல.

22.
"அப்போ நான் என்ன பண்றது சார்?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. கடன் வாங்கி குஞ்சு விட்டவர். "மாத்திரை தர மாட்டேன்"னு மட்டும் சொல்லி அனுப்பினா அது பதில் ஆகாது.

முதல்ல, அது நோடாதானான்னு உறுதி பண்ணணும். அறிகுறி ஒத்துப்போகுது, ஆனா மனுஷனுக்கே டெஸ்ட் பண்ணாம நாங்க பேர் வைக்கறதில்ல. மீனுக்கும் பிசிஆர் டெஸ்ட் இருக்கு. மீஞ்சூர்லேருந்து கூப்பிடு தூரத்துல பொன்னேரியில டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கு. சென்னையில சிபா இருக்கு. போன் பண்ணி, மாதிரி எப்படிக் கொண்டு வரணும்னு கேட்டுட்டு எடுத்துட்டுப் போகச் சொன்னேன்.

23.
அவருக்குச் சொன்ன மத்த விஷயங்கள், மீன் வளர்க்கற எல்லாருக்கும்:

- செத்த மீனைக் கழிமுகத்துல, வாய்க்கால்ல வீசாதீங்க. சுண்ணாம்பு போட்டுப் புதைங்க.
- நோய் வந்த குட்டைத் தண்ணியை குளோரின் போட்டுச் சுத்தம் பண்ணாம வெளிய திறந்து விடாதீங்க.
- அந்தக் குட்டையோட வலை, வாளியைப் பக்கத்துக் குட்டைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. ப்ளீச்சிங் பவுடர் கரைசல்ல ஊற வச்சு, நல்லாக் காய விடுங்க.
- மிச்சமிருக்கற குஞ்சை இன்னொருத்தருக்கு வித்துடாதீங்க. நஷ்டம் உங்களோட நிக்கட்டும்னு சொல்றது எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா விக்கறது குஞ்சு மட்டும் இல்ல, வைரஸும்தான்.
- அடுத்த தடவை குஞ்சு வாங்கும்போது, "தாய் மீனுக்கு பிசிஆர் பாத்தீங்களா? குஞ்சுக்குப் பாத்தீங்களா?"ன்னு கேட்டு, ரிப்போர்ட்டைக் கையில வாங்கிட்டு அப்புறம் காசு கொடுங்க.

24.
மருந்து இல்லாத வைரஸ் நோய்க்கு நம்ம கையில இருக்கற நல்ல ஆயுதம் தடுப்பூசி. போலியோவை அப்படித்தான் விரட்டினோம். இந்தியாவோட கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில. சிகிச்சை மாத்திரையால வந்த வெற்றி இல்ல அது, சொட்டு மருந்தால வந்தது.

மீனுக்கும் அப்படித்தான். ஐரோப்பாவுல அவங்க ஊர் கடல் மீனுக்கு விஎன்என் தடுப்பூசி ஏற்கெனவே சந்தையில இருக்கு. இங்க சிபா, நோடாவாக்-ஆர்னு ஒரு தடுப்பூசியை உருவாக்கியிருக்கு. அதை வணிக ரீதியாத் தயாரிக்க 2023-ல இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனத்தோட கைகோத்தாங்க. நாய்க்கடிக்குப் போடற ரேபிஸ் தடுப்பூசி தயாரிக்கறாங்களே, அதே ஹைதராபாத் நிறுவனம்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கு. சாகறது கண்ணுக்குத் தெரியாத அளவு குஞ்சு. அதுக்கு ஊசி போட முடியாது, போட்டாலும் எதிர்ப்புச் சக்தி உருவாகற வயசு இல்ல. அதனால தடுப்பூசி வந்தாலும் தாய் மீன் பரிசோதனையும் சுத்தமும் கட்டாயம் வேணும்.

25.
கடைசியா, ஏன் இதுக்கு இவ்வளவு பெரிய இழை?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் கலந்தது. படகு, வலை எல்லாம் கறுப்பாச்சு. மீன் வாங்க ஆள் இல்ல. மீன் கூடையைத் தலையில வச்சு வித்துக் குடும்பம் நடத்தற பெண்கள் எத்தனை பேர் அப்போ வெறுங்கையோட நின்னாங்கன்னு இந்தப் பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. தண்ணி மாசு பத்தின கேள்வி இன்னமும் கேக்க வேண்டிய கேள்விதான், அதுக்குத் தனி இழை எழுதறேன்.

ஆனா இந்த "மூளை வைரஸ்" பயத்துக்குக் காரணமே இல்ல. காரணமில்லாத பயத்துக்கும் அதே கூடைதான் விக்காம திரும்பி வரும்.

26.
இனி எந்த "புதிய வைரஸ்" மெசேஜ் வந்தாலும், ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு: வைரஸோட முழுப் பேர் என்ன, எந்தக் குடும்பம், எந்தப் பேரினம்?
ரெண்டு: அது யாரைத் தாக்கும்? மனுஷனுக்கு வந்ததா பதிவு இருக்கா?
மூணு: யார் சொல்றாங்க? பேர், ஊர், நிறுவனம் இருக்கா?

மூணுல ஒண்ணுக்குக் கூட பதில் இல்லைன்னா, அந்த மெசேஜ் உங்க போனோட நிக்கட்டும்.

மீன் வளர்க்கற, விக்கற, வாங்கற யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.